சாரல் நாளில் பெண் பார்க்க வந்தால்...

போன ஞாயிற்றுக்கிழமை காலை. குற்றாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் குத்துக்கல்வலசையில் சாரல் தொடங்கிவிட்டது. மழை என்றும் சொல்ல முடியாது, வெயில் என்றும் சொல்ல முடியாது. மலையில் பாதியை மேகம் மூடிவிட்டது. காபியோடு ஜன்னலோரம் நின்றால் நேரம் போவதே தெரியாது... காபி ஆறிப்போனதுகூட எனக்குத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி முகம் வாடி வந்து நின்றார். அன்று மாலை அவர் மகள் கோமதியைப் பெண் பார்க்க ராஜபாளையத்திலிருந்து வருகிறார்கள்.

"தம்பி, வர வேண்டாம்னு சொல்லிரலாம்னு பார்க்கேன். சாரல் அடிக்கி."

சாரல் அடித்தால் என்ன?

இதற்கு முன் வந்தவர்கள் எல்லோரும் சாரல் நாளில்தான் வந்தார்களாம். "தகவல் சொல்லுதோம்" என்று போனவர்கள் போனவர்கள்தான்.

நான் கல்லூரியில் கணக்கு நடத்துகிறவன். விடுவேனா?

"அண்ணாச்சி, சாரல் அடிச்ச நாளை மட்டும் பார்த்தா போதாது. சாரல் இல்லாத நாள்ல வந்தவங்களையும் பாருங்க. அப்பவும் இதே அளவுக்குத் தட்டிப்போயிருந்தா, சாரல் மேல பழி போட முடியாது."

ஒன்று நடந்தது என்று தெரிந்த பிறகும் மற்றதற்கான வாய்ப்பு கூடாமல் குறையாமல் இருந்தால், இரண்டும் ஒன்றையொன்று சாராதவை. நிபந்தனை நிகழ்தகவு என்று பிள்ளைகளைப் பயமுறுத்துகிறோமே — இவ்வளவுதான் விஷயம்.

அண்ணாச்சி யோசித்தார். "சாரல் இல்லாத நாள்ல யாரு தம்பி வந்தா?"

யாருமே வரவில்லை. எப்படி வருவார்கள்? நம் ஊரில் பெண் இருப்பது வெளியூர்க்காரர்களுக்குச் சாரல் சீசனில்தான் ஞாபகம் வரும். காலையில் குற்றாலத்தில் குளியல், மதியம் பரோட்டா, மாலையில் பெண் பார்ப்பது. வேன் ஜன்னலில் ஈரத்துண்டு தொங்கும். ஒப்பிட்டுப் பார்க்க மறுபக்கமே இல்லாமல் என் கணக்கு அந்தரத்தில் நின்றது.

அண்ணாச்சி போனை எடுத்துவிட்டார்.

"அப்பா, பேசாதீங்க."

கோமதி வாசலில் நின்றிருந்தாள். முடியெல்லாம் பொடிப்பொடியாகச் சாரல். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ?

"முன்னாடி வந்தவங்ககிட்ட மாடியில தனியா பேசச் சொன்னீங்கல்லா? எனக்குப் பிடிக்கல, நீங்களே வேண்டாம்னு சொல்லிருங்கன்னு சொன்னது நான்தான்."

அண்ணாச்சி போனைக் கீழே இறக்கினார்.

"இன்னைக்கு வாரவரு?" என்றார்.

"ஜாதகம் பொருந்துனதுல இருந்து போன்ல பேசுதோம். எனக்குப் பிடிச்சிருக்குப்பா. வரச் சொல்லுங்க."

அண்ணாச்சி மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவாரோ என்று எனக்குப் பயம். மேகம் இறங்கி, மிச்சமிருந்த பாதி மலையும் மறைந்தது. கோமதி அசையவில்லை.

பிறகு மெதுவாக நம்பரைத் தட்டினார்.

"கிளம்பிட்டீங்களா? ...ஆமா, இங்கன நல்லா சாரல் அடிக்கி. அருவியில குளிச்சுட்டு நிதானமா வாங்க."

எது எதைச் சார்ந்தது என்று நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவு நேரம் மண்டையை உடைத்துக்கொண்டோம் — கல்யாணப் பெண்ணை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.