சிரித்துக்கொண்டே திட்டியவர்

அரவேணு தேயிலை ஃபேக்டரியில் இலை உருட்டும் மிஷின்களின் இரைச்சலோடு மல்லுக்கட்டியே சுமலதாவின் காது போய்விட்டது. முதலில் வாங்கிய காது மிஷின் அந்த இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கியதால் கழற்றி எறிந்தாள். புதியது அப்படியில்லை. இரைச்சலை அமுக்கி, எதிரே பேசுபவரின் குரலை மட்டும் தூக்கித் தந்தது. அதைக் கம்பளித் தலைத்துணிக்குள் மறைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

சூப்பர்வைசர் நவநீதன் வழக்கம்போல எதிரே வந்து சிரித்தார். "செவிட்டு மூதேவி, இன்னும் சாகலையா?" என்றார். அந்த இரைச்சலில் நல்ல காதுக்கே எதுவும் எட்டாது என்ற தைரியத்தில், எல்லோரையும் அவர் சிரித்தபடியேதான் திட்டுவார். சுமலதா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஒருநாள் மேனேஜர் உள்ளே வந்தார். சுமலதாவுக்கு எதிரிலேயே நவநீதன் அவரைக் கும்பிட்டுச் சிரித்து, "வாடா எருமை" என்றார். மேனேஜரும் சிரித்துத் தலையாட்டினார்.

மிஷின்கள் நின்றதும் சுமலதா தலைத்துணியை விலக்கிக் காது மிஷினைக் காட்டினாள். எல்லோர் முன்னாலும் உரக்கச் சொன்னாள்: "ஏனுங்க சார், இவரு உங்களை எருமைன்னு கூப்பிட்டாருங்க. நீங்களும் தலையாட்டுனீங்க."

மேனேஜர் நவநீதனை ஏற இறங்கப் பார்த்தார். நவநீதன் பதறிப்போய் அவளிடம் ஏதோ கெஞ்ச வாயெடுத்தார். சுமலதா காது மிஷினைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"எனக்குத்தான் காது கேக்காதுங்களே."