நின்ற இடத்தில் விட்ட புகை

ஜூலை 8, செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது இருபது. வானம் மூடிக்கொண்டு, மழை இல்லாமல் புழுக்கம் மட்டும். திருமுல்லைவாயிலில் பெட்ரோல் பங்க் ஓரமாக இருக்கும் புகைப் பரிசோதனை நிலையத்தில் என் ஸ்கூட்டர் ஃபெயில்!

நானல்ல, ஸ்கூட்டர்தான். ஆனாலும் காது சிவந்தது எனக்கு.

வண்டிக்குப் பதினைந்து வயது முடியப்போகிறது. ஆர்.சி.யைப் புதுப்பித்தால் இன்னும் ஐந்து வருடம் ஓட்டலாம். அதற்குப் புகை சர்டிபிகேட் வேண்டும். சைலன்சருக்குள் குழாயைச் செருகிவிட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்த அந்தப் பெண், உதட்டைப் பிதுக்கினாள்.

“இன்னா சார், வண்டிய ரோட்ல ஓட்றியா, ஊட்ல வச்சிகினு பூஜ பண்றியா?”

“வாராவாரம் ஸ்டார்ட் பண்றேம்மா. ஞாயித்துக்கிழமை, சரியா பத்து நிமிஷம்.”

“ஸ்டார்ட் பண்ணி?”

“ஆஃப் பண்ணிடுவேன்.”

அவள் சிரித்த சிரிப்பில், காற்றடித்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“அதான் உள்ள கரி புடிச்சி கீது. நின்ன எடத்துலயே உறும உட்டா வண்டி இன்னா பண்ணும், பாவம்! பூந்தமல்லி வரிக்கும் ஒரு தபா நல்லா இழுத்துகினு வா. அப்பவும் சரியா வர்லன்னா மெக்கானிக்காண்ட குடு.”

நின்ற இடத்தில் ஏன் உறும விட்டேன்? சொல்கிறேன்.

என் மனைவி வசந்தா புனேயில், மகள் வீட்டில் இருக்கிறாள். பேரன் பிறந்தபோது, ஆறே மாதம் என்று சொல்லிப் போனவள். பேரனுக்கு இப்போது இரண்டரை வயது. ரயில் கிளம்பும்போது ஜன்னல் வழியாகச் சொன்னாள்: “ஞாயித்துக்கிழமை தவறாம வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க. இல்லன்னா பேட்டரி போயிடும்.”

ஸ்டார்ட் பண்ணத்தானே சொன்னாள்? ஓட்டச் சொல்லவில்லையே!

சரி... அது சாக்கு. அவள் போன மறுவாரம் ஓட்டிப் பார்த்தேன். பின்னால் கனமில்லாமல் வண்டி அலைந்தது. காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, வேகம் கூடினால் என் முதுகில் இரண்டு விரலால் அழுத்துவாள். அந்த விரல்கள் இல்லாமல் எவ்வளவு வேகம் போவது என்றே தெரியவில்லை. அதற்குப் பிறகு ஷேர் ஆட்டோதான்.

எங்கள் தெருவில் மட்டும் என்னைப் போல நான்கு பேர். அம்மா பெங்களூரில், அல்லது டல்லாஸில். அப்பா இங்கே, ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று வீடியோ காலில் கேட்டுக்கொண்டு. சண்டை போட்டா பிரிந்தோம்? பேரப்பிள்ளைகள் பிரித்து வைத்த ஜோடிகள் நாங்கள்!

“பதினஞ்சு வருஷம் ஓட்டியாச்சுப்பா. வித்துட்டு இங்க வந்துடுங்களேன்” என்கிறாள் மகள். நியாயம்தான். ஆனால் வண்டியை விற்றுவிட்டால், வசந்தா திரும்பி வரமாட்டாள் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா?

ஹெல்மெட் வாரை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். ஆவடி வழியாகப் பூந்தமல்லி. திரும்பும்போது திருவேற்காடு... வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு நாங்கள் போன பாதை. அங்கே ஒரு வேகத்தடை உண்டு. அதைப் பார்த்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“மேடு வருது, பிடிச்சுக்கோ!”

பக்கத்தில் பைக்கில் வந்த இளைஞன் காதில் விழுந்துவிட்டது போல.

“இன்னா பெருசு, யாராண்ட பேசிகினு வர்ற?”

“ப்ளூடூத்.”

“ஹெல்மெட்டுக்குள்ளயேவா? கலக்குற நைனா!”

சிரித்தேன். கண்ணாடிக்குள் பார்வை கொஞ்சம் மங்கியது. புகையாக இருக்கும்.

பங்க்குக்குத் திரும்பியபோது மணி பதினொன்றரை. குழாய் மறுபடி உள்ளே போனது. அந்தப் பெண் கட்டை விரலை உயர்த்தினாள். “பாஸ் சார்! ஊரு சுத்துனதுல உன் மூஞ்சியும் தெளிஞ்சி கீது.”

அங்கிருந்தே வசந்தாவுக்குப் போன் போட்டேன்.

“வண்டி பாஸாயிடுச்சு. இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டலாமாம். புதுப்பிக்கட்டுமா, வித்துடட்டுமா?”

அந்தப் பக்கம் பேரன் எதையோ தட்டித் தட்டி உருட்டும் சத்தம்.

“ஏங்க... அந்தப் பின்சீட்டு ஓரம் கிழிஞ்சிருந்துச்சே. தெச்சீங்களா?”

“இல்ல.”

“கம்பி நீட்டிட்டு இருக்கும். பொடவ மாட்டும்ங்க. மொதல்ல அத மாத்துங்க.”

எப்போது வருகிறாய் என்று நான் கேட்கவில்லை. நேராக சீட் கவர் கடைக்குப் போனேன்.

ஆர்.சி. கட்டணம் தனி. அன்றைக்குப் பரிசோதனை இரண்டு முறை, பெட்ரோல், பேரம் பேசாமல் வாங்கிய சீட் கவர்... ஆக மொத்தம் எண்ணூற்று முப்பது ரூபாய்.