ரயில் எலிக்கு அத்தை வைத்த களி

எங்கள் வீட்டில் அந்நாளில் சேலத்தைத் தாண்டிப் போனவர் ஒருவரும் இல்லை. ஆனால் எங்கள் விதைக்கடலையைத் தின்ன வந்த எலிகள் கப்பலில் கடல் கடந்து, பிறகு ரயிலேறி மொரப்பூரில் இறங்கியவை. ஊரில் அப்படித்தான் சொன்னார்கள். பஞ்சகாலத்தில் வெளிநாட்டுக் கோதுமை மூட்டைகளோடு வந்து, ஸ்டேஷன் கிடங்கில் கொஞ்ச நாள் இருந்து பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த எங்கள் ஊருக்கு நடந்தே வந்துவிட்டனவாம். ரயில் எலி என்றே அவற்றுக்குப் பெயர். உள்ளூர் எலியைவிட நன்றாகப் பெரிது. பழுப்பு நிறம், தடித்த வால். மனிதரைக் கண்டால் ஓடாது. நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போகும். எங்கள் பூனை அடுப்படியைவிட்டு வெளியே வருவதையே நிறுத்திக்கொண்டது. எனக்கோ பயத்தைவிட மலைப்புத்தான் அதிகம். கடலைப் பார்த்த கண்கள் அல்லவா!

அதே வருஷம் அதே ஸ்டேஷனில்தான் அப்பாவின் தங்கையும் ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினாள். மாமா வேறொருத்தியைக் கட்டிக்கொண்ட கதையை எனக்கு யாரும் சொல்லவில்லை. அத்தை விருந்தாட வந்திருக்கிறாள், ரொம்ப நாளாக இருக்கிறாள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அவள் அதிகம் பேசமாட்டாள். சாப்பிட உட்கார்ந்தால் பாதியிலேயே எழுந்துவிடுவாள்.

ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது. உள்ளறையில் அடுக்கியிருந்த விதைக்கடலை மூட்டைகளில் விடிந்தால் ஒரு புது ஓட்டை. அந்த விதையும் போனால் அவ்வருஷம் காடு தரிசுதான். அப்பா, ஊர் ஊராகப் போய் விவசாய யோசனை சொல்லும் சர்க்கார் ஆளான கிராமசேவக்கைக் கூட்டி வந்தார். அவர் மூட்டைகளின் நடுவே நின்றுகொண்டு, "வெசம் வெச்சிடலாங்க" என்று கணீரென்று சொன்னதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எலிக்கு மனிதர் பேச்சு விளங்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மருந்து என்ற சொல்லையே வீட்டுக்குள் எடுக்கக் கூடாது. அப்பா அவசர அவசரமாக அவரைக் கிணற்றடிக்கு அழைத்துப் போய் மீதியைக் கேட்டுக்கொண்டார்.

இந்த எலிகள் புதுத் தீனியை லேசில் நம்பாதாம். முதலில் சில நாட்கள் வெறும் தீனி வைக்க வேண்டும். ஒரே இடத்தில், ஒரே ஆள். நம்பித் தின்னப் பழகிய பிறகுதான் மருந்தைக் கலக்க வேண்டும். வெறும் தீனி வைக்கும் வேலை அத்தைக்கு வந்தது.

கேழ்வரகுக் களியில் கடலையெண்ணெய் விட்டு, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, கோலிக்குண்டு போல உருட்டுவாள். பொழுது சாயும்போது பூவரச இலையில் அவற்றை எடுத்துப்போய் உள்ளறை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி உட்காருவாள். அவள் முதுகுக்குப் பின்னால் நான். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒன்று வந்து முகர்ந்துவிட்டுப் போனது. அப்புறம் அத்தையின் காலடி கேட்டாலே மூட்டைச் சந்துகளிலிருந்து வரத் தொடங்கின. முன்னங்கால்களில் உருண்டையை ஏந்தி நிதானமாகத் தின்றன. "மெதுவாத் தின்னுங்க" என்பாள் அத்தை. பூனைக்கு அடங்காதவை, அப்பாவின் தடிக்கு அடங்காதவை, என் அத்தைக்கு முன்னால் பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருந்தன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த நாட்களில் அத்தையும் வயிறாரச் சாப்பிட்டாள். அதை அம்மாதான் கவனித்துச் சொன்னாள்.

மருந்து வந்தது. பூண்டு வாடை வீசும் கறுப்புப் பொடி. அப்பா பொட்டலத்தைப் பிரித்ததும் அத்தை பின்வாங்கினாள்.

"சோறு போட்ட கைங்கண்ணா இது. இதாலயே அதையும் வெக்கச் சொல்லாதீங்க."

அப்பா வற்புறுத்தவில்லை. தாமே கலந்து, அதே இலையில் அதே இடத்தில் வைத்தார். காலையில் பார்த்தால் உருண்டைகள் அப்படியே இருந்தன. எலிகள் அவற்றின் மேல் சணல் துணுக்குகளை இழுத்துப் போட்டு மூடியும் வைத்திருந்தன. பக்கத்து மூட்டையில் வழக்கம்போல ஓட்டை.

"அந்த ஆளு வூட்டுக்குள்ளயே வாய வுட்டாரே, அப்பவே நெனச்சேன்" என்றாள் அம்மா.

அப்பா, எலிகள் கொறித்துப் போட்ட கடலைத் தோலைக் கையில் அள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தை வெகுநேரம் அவரையே பார்த்தாள். அன்று மாலை, யாரும் சொல்லாமலே, களியையும் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு போனாள். என்னைக் கூட வரவிடவில்லை. கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். அவள் காலடி கேட்டதும் அவை வந்தன. அத்தை இலையை வைத்துவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

விடிந்ததும் மாட்டுத்தொட்டியைச் சுற்றி எலிகள் கிடந்தன. வாசலில், வைக்கோல் போரடியில், எங்கு பார்த்தாலும் எலிகள். ஊரே திரண்டு வந்து பார்த்தது. "என்னா கைராசிங்க!" என்று வாயைப் பிளந்தார்கள். கடல் தாண்டி வந்தவற்றை என் அத்தை களி உருண்டையால் சாய்த்துவிட்டாள்! எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அத்தையோ இழவு வீட்டிலிருந்து திரும்பியவளைப் போலத் தலைமுழுகி, ஈரச்சேலையோடு நின்றாள்.

எலிகளைப் புதைத்துவிட்டு அப்பா வந்தபோது, அவள் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கடப்பாரையால் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மிச்சப் பொட்டலம்.

"அது இருக்கட்டும்மா. மறுபடியும் வந்தா வேணுமில்ல?"

"வேண்டாங்கண்ணா. நான் இருக்கற வூட்ல அது இருக்க வேண்டாம்."

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கடப்பாரையை வாங்கி, தாமே தோண்டத் தொடங்கினார். முழங்கால் ஆழம் போயிற்று, இடுப்பளவும் போயிற்று, அவர் நிறுத்தவில்லை.

"கோழி கிளறிடும்னுதானா, அத்தை?" என்று கேட்டேன்.

"ஆமா கண்ணு, கோழி கிளறிடும்."

நான் உடனே ஓடிப்போய்க் கோழிகளையெல்லாம் கூடைக்குள் பிடித்து அடைத்தேன். அத்தனை ஆழத்தை எந்தக் கோழி கிளறும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.