நாற்பது ரூபாய் இத்தாலி

கொட்டாஞ்சேனையிலிருந்து இத்தாலிக்குப் போக விசா தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரைக்கு, அயன் பண்ணிய சட்டையைப் போட்டுக்கொண்டு சந்தியில் ஓர் ஓட்டோவை மறித்தேன்.

“எங்க சேர்?”

“இத்தாலிக்கு.”

சாரதி திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப எயார்போர்ட் பக்கமெல்லோ போகோணும்?”

வெள்ளவத்தையில் புதிதாகக் கிளை திறந்திருக்கும் இத்தாலியச் சாப்பாட்டுக் கடை என்று விளக்கினேன். கோட்டை ரயில் நிலையத்தில் விட்டால் போதும், மிச்சம் ரயிலில் போவேன் என்றேன். நானூறு ரூபாய் என்றார். ஏறினேன்.

உண்மையான இத்தாலியில், மிலான் நகரத்தில், என் மனைவி இருக்கிறாள். மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போய் இரண்டு மாதமாகிறது. எனக்குக் கண் ஒப்பரேஷனுக்கு நாள் குறித்திருந்ததால் நான் நின்றுவிட்டேன். அவளுடைய விசாவில் இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. தீபாவளிக்கு முன்பே வருவதா, விசா முடியும்வரை நிற்பதா என்பதை இன்று முடிவு செய்யவேண்டும். “நீங்கள் தனியக் கிடந்து கஷ்டப்படுறீங்கள் எண்டால் நான் உடன வெளிக்கிடுவன்” என்று நேற்றுச் சொன்னாள். “நீர் வந்துவிடும்” என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. கைக்குழந்தையோடு தவிக்கிற மகளிடமிருந்து தாயைப் பிரிக்க வாய் வரவில்லை. யோசித்துச் சொல்லுகிறேன் என்று மழுப்பினேன்.

கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு ரயில் கட்டணம் நாற்பது ரூபாய். கொம்பனித் தெரு தாண்டியதும் வலப்பக்கம் கடல் வந்துவிடும். பிறகு கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி. பெட்டி முழுக்கக் குடும்பங்கள். எனக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் இடம் காலியாக இருந்தது. அதில் என் குடையை வைத்துக்கொண்டேன்.

ஆனாலும் நான் தனியாகச் சாப்பிடப் போகவில்லை. போன கிழமை பொரளையில் கண் காட்டிவிட்டு பஸ் தரிப்பில் நின்றபோது சிவநேசனைக் கண்டேன். ஒரே கந்தோரில் பல வருஷம் பக்கத்து மேசையில் இருந்தவன். ஞாயிறு ஒரு மணிக்கு வெள்ளவத்தையில் சாப்பிடுவோமா என்று கேட்டு, கடை இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவனுடைய பஸ் வந்துவிட்டது. “சரி மச்சான், வாறன்” என்றபடி தொற்றிக்கொண்டான். அன்றிரவே மனைவிக்கும் இதைச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து இந்த ஞாயிறுக்காகத்தான் காத்திருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நேற்றே சவரம் செய்தும் இன்று மறுபடி செய்தேன்.

கடை காலி வீதியில், முதலாம் மாடியில். ஏசிக் குளிரில் வெண்ணெயும் உள்ளியும் மணத்தது. பரிமாறும் பெண் முதலில் சிங்களத்தில் வரவேற்று, என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினாள்.

“எத்தின பேர் அங்கிள்?”

“ரெண்டு பேர். மற்றவர் வந்துகொண்டிருக்கிறார்.”

இரண்டு தட்டு, இரண்டு கிளாஸ், இரண்டு கடுதாசித் துவாய் வைத்தாள். மெனு அட்டையை மூன்று தரம் வாசித்தேன். கத்தரிக்காய் போட்ட பீட்சா இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய். வீட்டில் கத்தரிக்காய் என்றால் முகம் சுளிக்கிறவன் நான். ஒன்றே முக்காலாகியும் ஆளைக் காணாததால் போன் எடுத்தேன்.

“மச்சான், எங்க நிக்கிறாய்?”

“வீட்டை. ஏன்?”

“வாறன் எண்டனியே!”

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது. “அட விசரா! பஸ் வந்துட்டுது, வாறன் எண்டு சொல்லிப்போட்டு ஏறினனான். பின்னை, போறன் எண்டே சொல்லுறது? நீ சாப்பாடு எண்டு ஏதோ சொன்னது வடிவாக் கேக்கேல்லை.”

“இப்ப வரலாந்தானே?”

“மகள் ஆக்கள் வந்திருக்கினம். இப்பத்தான் எல்லாருமாச் சாப்பிட்டு எழும்பினம். இன்னொரு நாளைக்குப் பாப்பம், என்ன?”

நானும் சிரித்தேன். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு அதே கத்தரிக்காய்ப் பீட்சாவைச் சொன்னேன். எதிர்த் தட்டை எடுக்கட்டுமா என்று கேட்டாள். இருக்கட்டும் பிள்ளை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

ருசி மோசமில்லை. இரண்டாவது துண்டில் கைவைத்தபோது போனில் மனைவியின் முகம் வந்தது. தூக்கமில்லாத கண்கள். பின்னால் பேரன் வீரிட்டுக்கொண்டிருந்தான்.

“இஞ்சாருங்கோ, கடைக்கே வந்திருக்கிறீங்கள்? போனை ஒருக்கா மேசைப் பக்கம் திருப்புங்கோ பாப்பம்.” திருப்பினேன். “ரெண்டு தட்டு! அப்ப சிவநேசன் அண்ணை வந்திட்டாரே? எங்க அவர்?”

அவளுடைய முகம் அப்படி மலர்ந்து பல நாளாகிவிட்டது.

“கை கழுவப் போயிட்டார்.”

“அப்பாடா! நீங்கள் தனியச் சாப்பிடுறீங்கள் எண்டுதான் எனக்கு ஒரே யோசினை. இனிப் பயமில்லை. அப்ப விசா முடியுமட்டும் நான் நிக்கட்டே? தீபாவளிக்கும் அவரோட எங்கயாவது போங்கோவன்.”

பேரன் இன்னும் பெரிதாக அழுதான். மகள் “அம்மா, அம்மா” என்று அவளைக் கூப்பிட்டுக் கத்துவது கேட்டது.

“ஓம்,” என்றேன். “நில்லும்.”

மிச்சத்தைப் பார்சல் பண்ணிக்கொண்டு நிலையத்துக்கு நடந்தேன். இத்தாலிக்குப் போனவர்கள் சொக்லேட்டும் சென்ட் போத்தலும் கொண்டுவருவார்கள். நான் போய், என் மனைவியை இன்னும் ஒரு மாதத்துக்கு அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினேன்.