கடலுக்குக் காய்ச்சல் பார்த்தவர்

சாய்ந்தமருதுக் கரையில் அபுல் ஹஸன் கரைவலைத் தலைவர். தண்ணீரில் கால் வைத்துப் பார்த்து, கீரி மீன் வருமா வராதா என்று சொல்லிவிடுவார். அவர் சொல்லுக்கு இருபது பேர் வலை இழுத்தார்கள்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு கோடையில் கடல் வழமையை விடச் சூடேறியது. கீரி குளிர்ந்த நீர் தேடி ஆழத்துக்குப் போய்விட்டது. கரைவலையில் பாசிதான் வந்தது. மைத்துனன் சாலிஹின் எஞ்சின் தோணி மட்டும் நிறைந்து வந்தது. ஆராய்ச்சிக்காரர் ஒருவர் கொடுத்த வெப்பமானியைக் கயிற்றில் கட்டி இறக்கி, குளிர்ந்த இடத்தில் வலை போடுவான்.

"தம்பி கீரி குடுத்து விட்டான்" என்று மனைவி றஹீமா சோற்றுக்கு மீன் ஆணம் காய்ச்சினால், "எனக்குப் பருப்புப் போதும்" என்பார் அபுல் ஹஸன். இன்னொரு முறை வெறும் வலை வந்தால் சாலிஹிடம் போய்விடுவோம் என்று ஆட்கள் சொல்லியிருந்தார்கள்.

ஒரு காலை என்னிடம் வந்தார். நான் அந்த ஊரின் மருத்துவமாது.

"ராத்தா, அந்தக் காய்ச்சல் பாக்கிற கண்ணாடிய ஒருக்காத் தாங்க."

"ஆருக்குக் காய்ச்சல்?"

"மகளுக்கு."

மகள் அப்போதுதான் என் வாசலைத் தாண்டிப் பள்ளிக்கு ஓடியிருந்தாள். எனக்கோ பிரசவத்துக்குப் போகும் அவசரம். கொடுத்துவிட்டேன்.

அவர் அதைக் கடலில் அமிழ்த்திப் பார்த்தார். பாதரசம் அசையவில்லை.

"கடல் குளிர்ந்திட்டு! வலைய இறக்குங்கடா!"

"இன்னும் சூடுதான் மச்சான்" என்றான் சாலிஹ்.

"ஒன்ட கருவிய நீ பாரு!"

மதியம்வரை இழுத்தார்கள். வலை நிறையக் கொட்டும் சொறிமீன். கை தடித்துப்போன ஆறு பேருக்கு நான்தான் கரைக்கு வந்து மருந்து போட்டேன். அங்கேயே கருவியைத் திருப்பி வாங்கி, விஷயத்தைச் சொன்னேன்: அது உடம்புச் சூட்டுக்கு, தொண்ணூற்று நான்கு பாகை பரனைட்டுக்குக் கீழே அதில் எண்ணே இல்லை. நம் கடல் அந்த அளவுக்குச் சூடேறாது.

"காக்கா, கடலுக்குப் பனடோல் குளிசை குடுத்தீங்களா?" என்று ஒருவன் கேட்டான்.

அபுல் ஹஸன் அவனைப் பார்க்கவில்லை. "அப்ப, அவன்ட கருவி சரியா ராத்தா?"

"ஓம், சரிதான்."

முகம் கறுத்துப் போனது.

மறுநாள் ஆட்கள் சாலிஹிடம் போனார்கள். அவன் இவரையும் கூப்பிட்டான்: "தண்ணி தெரிஞ்ச ஆள் வேணும் மச்சான், வாங்க." மூன்று நாள் வீட்டில் படுத்திருந்துவிட்டு, நான்காம் நாள் போனார். சாலிஹ் வெப்பமானியை இறக்குமுன் நீரில் கை விட்டு, "இங்கதான்" என்று முந்திச் சொல்வாராம். மேல்தண்ணீரைத் தொட்டு ஆழத்தின் குளிரை எப்படி அறிந்தாரோ, நான் கேட்கவில்லை. தோணி நிறைந்தால், "என்ட கைதான்" என்று கரையெல்லாம் சொன்னார். சாலிஹ் மறுக்கவில்லை.

"அந்தப் பொறுமையும் அவனுக்குத்தான் கிடைச்சிருக்கு, பாருங்க ராத்தா" என்று என்னிடம் பொருமினார்.

கீரி ஆணத்தை மட்டும் இப்போது மிச்சம் வைப்பதில்லை என்றாள் றஹீமா.