டாக்டர் சொன்னதும் நான் சொன்னதும்

டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னதை என் அண்ணனிடம் நான் மாற்றிச் சொன்னேன். வாய் தவறி அல்ல, தெரிந்தே சொன்னேன். வீட்டில் ஆங்கிலம் அறிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் அது எளிதாகவும் இருந்தது.

வெள்ளைக்காரர் ஆட்சிக் காலம். கொரட்டூரில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். அண்ணன் உழுதார், நான் படித்துப் பட்டணத்தில் குமாஸ்தா ஆனேன். அறுபதை நெருங்கும்போது அண்ணனுக்குச் சிறுநீர் கழிப்பது பெரும்பாடாயிற்று. வேலியோரம் போனால் நின்றுகொண்டே இருப்பார். சொட்டுச் சொட்டாக வரும். திரும்பி வந்து உட்கார்ந்த கையோடு மறுபடி எழுந்துகொள்வார்.

"வேலிக்குக் காவல் போட்டாப்பல நிக்கிறாரு" என்று அண்ணி கேலி செய்வாள்.

"உனுக்கு வந்தா தெரியும்" என்பார் அண்ணன். அதற்குப் பயந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார்.

அந்த வருஷம் அம்மன் கோயில் தீமிதிக்கு அண்ணன் காப்புக் கட்டிக்கொண்டுவிட்டார். காப்புக் கட்டியவன் தீ மிதித்து முடிக்கும்வரை வெளியூரில் இரவு தங்கக்கூடாது. பகலில் போய்விட்டு இருட்டுமுன் திரும்பலாம். அப்படி ஒரு பகலில்தான் அண்ணனைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அடிவயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: மூத்திரப்பையின் கழுத்தைச் சுற்றியுள்ள சுரப்பி பெருத்து வழியை நெரிக்கிறது, பை எப்போதும் முழுதாகக் காலியாவதில்லை, இன்றே சேர்த்துவிட வேண்டும், இரண்டு கட்டமாக அறுவை செய்யவேண்டும், வீட்டுக்குப் போனால் ஒரேயடியாக அடைத்துக்கொள்ளலாம், சிறுநீரகமும் கெடும்.

"இன்னாடா சொல்றாரு?" என்றார் அண்ணன்.

"சதையடைப்பாம். மருந்து குடுப்பாரு. தீமிதி முடிஞ்சி வந்தா போதுமாம்."

அண்ணன் டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டார். அவர் சம்மதித்துவிட்டதாக நினைத்து டாக்டர் சிரித்தார். நோயாளி தங்க மறுக்கிறார் என்று நான் டாக்டரிடம் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். தீ மிதித்ததும் கோயில் மரியாதையாக விழும் முதல் மாலை எங்கள் வீட்டுக்கு உரியது. அண்ணன் தீ மிதிக்காவிட்டால் அது பங்காளி வீட்டுக்குப் போகும். ஒருமுறை போனால் திரும்ப வராது. அண்ணனுக்கு ஆண்பிள்ளை இல்லை. அவருக்குப் பிறகு அந்த மாலை எனக்குத்தான். அண்ணனின் மனம் நோகக்கூடாது என்றுதான் பொய் சொன்னேன் என்று வெகுகாலம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

தீமிதியன்று விரதத்தோடு ஈரத்துணியில் நின்றிருந்த அண்ணன், தீயில் இறங்கும் வேளையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். காலையிலிருந்து ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை. அடிவயிறு பானையாய் இறுகியிருந்தது. மாலை பங்காளிக்கு விழுந்தது. அவனோ அதைக் கழற்றக்கூட நினைவில்லாமல் வண்டி பூட்டிக்கொண்டு வந்தான். பட்டணத்துக்கு ரயில் பிடிக்க அம்பத்தூர் ஸ்டேஷன் வரை மாட்டை விரட்டியவன் அவன்தான்.

ஆஸ்பத்திரியில் ரப்பர் குழாயைக் கீழ்வழியாகச் செலுத்திப் பார்த்தார்கள், நுழையவில்லை. அடிவயிற்றைத் திறந்து மூத்திரப்பைக்குள் குழாய் வைத்து, மறுமுனையைக் கட்டிலடியில் ஒரு பாட்டிலில் விட்டார்கள். அண்ணன் பிழைத்தார். சிறுநீரகம் தேறி, இரத்தம் சுத்தமான பிறகுதான் சுரப்பியை எடுக்க முடியும் என்றார் டாக்டர். வாரக்கணக்கில் காத்திருந்தோம். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, பாட்டிலை நான்தான் கொட்டிக் கழுவி வைத்தேன்.

"கார்ப்பரேசன்காரன் தெருவுல நட்ட தண்ணிக் கொயா மாதிரி ஆக்கிட்டான் என்னை" என்று அண்ணன் பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லிச் சிரிப்பார்.

இரண்டாவது அறுவைக்கு நாள் குறிக்க டாக்டர் வந்தபோது அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"வேணாம். ஊட்டுக்குப் போலாம்" என்றார். "மொதல்ல மருந்தே போதும்னான். அப்பாலே வயித்தக் கிழிச்சான். இப்போ இன்னும் கிழிக்கணுன்றான். இவனுக்கு ஒரு எழவும் தெரியலடா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டாக்டர்மேல் அவருக்கிருந்த நம்பிக்கையை என் பொய்தான் கொன்றிருந்தது. குழாயோடு வீட்டுக்குப் போனால் சீழ் பிடித்து ஒரு வருஷம்கூடத் தாங்கமாட்டார் என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். இன்னொரு பொய் சொல்லிச் சம்மதிக்க வைத்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

"அவரு அப்படிச் சொல்லலண்ணா. அன்னிக்கே சேக்கச் சொன்னாரு. நான்தான் மாத்திச் சொன்னேன். நீ தங்கமாட்டேன்னு சொன்னதா அவர்கிட்டயும் பொய் சொன்னேன்."

"இன்னாத்துக்கு?"

"மாலைக்கு."

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அங்கேயே டாக்டரிடமும் உண்மையை ஆங்கிலத்தில் சொன்னேன்.

அண்ணன் கை நீட்டி, தமிழும் ஆங்கிலமும் தெரிந்த நர்சைக் கூப்பிட்டார். "அம்மா, இவரு சொல்றத நீ சொல்லு. இவன் வேணாம்."

ரத்தம் நிறையப் போகலாம், உயிருக்கே ஆபத்து வரலாம், பிழைத்தால் தானாகச் சிறுநீர் போகும் என்று அந்த அம்மாள் ஒன்றுவிடாமல் சொன்னாள். அண்ணன் எதிர்க்கேள்விகள் கேட்டார். கடைசியில், "செய்யட்டும். பொழச்சா மனுசனா இருக்கணும், கொயாவா இல்ல" என்றார்.

இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டு, அடிவயிற்றில் முன்பு திறந்த வழியாகவே விரலை விட்டுச் சுரப்பியைத் தோண்டி எடுத்தார்கள். இரண்டு நாள் பாட்டில் சிவப்பாகவே நிறைந்தது. மெல்ல வெளுத்தது. குழாயை எடுத்த பிறகும் புண் கசிந்து, பிறகு மூடிக்கொண்டது. ஒருநாள் காலையில் அண்ணன் சுவரைப் பிடித்து நடந்துபோய்த் தானாகச் சிறுநீர் கழித்துவிட்டு வந்தார். வார்டே கைதட்டியது. அவர் நர்சைப் பார்த்துச் சிரித்தார்.

ஊர் திரும்பியதும் கோயில் வாசலில் கூட்டம் கூட்டச் சொல்லி, நான் செய்ததை எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். மாலை பங்காளி வீட்டிலேயே இருக்கட்டும் என்றேன். சிலர் காறித் துப்பினார்கள். அண்ணன் அங்கேதான் இருந்தார்.

அதன்பின் பல வருஷம் வாழ்ந்தார். நிலம், மாடு, மழை என்று என்னோடு எப்போதும்போலப் பேசினார். ஆஸ்பத்திரிக்கு மட்டும் பங்காளியை அழைத்துக்கொண்டு போனார். அவனுக்கு ஆங்கிலத்தில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஒருமுறை நானும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

"நீ ஆபீசுக்குப் போடா, நேரமாவுது" என்றார், கோபமில்லாமல்.