சீசனுக்கு ஒழித்துக்கொடுத்தவர்கள்

குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டது என்றால் ஊரே கொண்டாடும். நாங்கள் சாக்கும் அட்டைப்பெட்டியும் தேடுவோம். என்னோடு படித்தவர்களுக்கு முதல் சாரல் என்றால் குளியல், ரம்புட்டான், சூடான பஜ்ஜி. எனக்கு முதல் சாரல் என்றால் வீட்டுக்கார அண்ணாச்சி வாசலில் வந்து நிற்பது. உள்ளே வரமாட்டார். நிலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, எங்கள் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துச் சொல்வார்.

"தங்கச்சி, சீசன் வருதுல்லா. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒழிச்சுக் குடுத்துருங்க."

ஒழிச்சு. எங்கள் பக்கம் வீட்டைக் காலி செய்வதற்கு அதுதான் சொல். பெட்டியை ஒழிப்போம், அலமாரியை ஒழிப்போம், வீட்டை ஒழிப்போம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் 'ஒழிஞ்சு போ' என்பதிலும் அதே சொல்தான் இருக்கிறது என்று ஏழாம் வகுப்பில் எனக்கு உறைத்தது. அதன்பின் அவர் வாயிலிருந்து அது வரும்போதெல்லாம் இரண்டாவது அர்த்தம்தான் காதில் விழுந்தது.

வீடு தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, வயலை மூடி மனை போட்ட ஒரு நகரில் இருந்தது. வடக்குப் பார்த்த வீடு. கீழே கிழக்குப் பாதியில் அவர் குடும்பம், மேற்குப் பாதியில் நானும் அம்மாவும். அப்பா இறந்த வருடம் அங்கே குடி போனோம். மாடியில் இரண்டு அறை, மேற்கே பார்த்து ஒரு வராந்தா. அந்த வராந்தாவில் நின்றால், பக்கத்துக் காலி மனைக்கு அந்தப் பக்கம், தென்னந்தோப்புகளைத் தாண்டி, மலையில் மெயின் அருவி ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். சீசன் வந்தால் அந்த அறைகளுக்கு நாள் வாடகை. கேட்டில் அட்டை தொங்கும்: 'அருவி தெரியும் ரூம்'. கூட்டம் அதிகமானால் கீழே எங்கள் பாதியும் வேண்டும். அதற்குத்தான் ஒழிப்பு.

சீசன் நடக்கிற இரண்டு மாதமும் சுரண்டையில் மாமாவின் பலசரக்குக் கடைக்கு மேலே இருந்த சரக்கு அறையில் இருப்போம். அங்கிருந்து பஸ் பிடித்து நான் தென்காசிக்குப் பள்ளிக்கூடம் வருவேன். அம்மா அவள் பில் போடுகிற மருந்துக்கடைக்கு வருவாள். மல்லி மூட்டை வாசனையோடு வகுப்பில் உட்கார்ந்திருப்பேன். அந்த இரண்டு மாத வாடகையை அண்ணாச்சி எங்களிடம் வாங்கமாட்டார். அதைத் தெருவெல்லாம் தர்மக் கணக்கில் சொல்லிக்கொள்வார்.

கட்டில், பீரோ, என் படிப்பு மேஜை எல்லாம் அங்கேயே இருக்கும். மேஜை அம்மா எனக்காகச் சொல்லிச் செய்தது, வேம்புப் பலகை. பத்தாம் வகுப்பு வருடம் சீசன் முடிந்து திரும்பி வந்தபோது மேஜை முழுக்க வெட்டுக் காயம். இடுக்கில் மஞ்சள் கறை, காய்ந்த ரத்தம். விருந்தாளிகள் அதன்மேல் வைத்துக் கோழி வெட்டியிருக்கிறார்கள். நான் போய்க் கேட்டேன். அண்ணாச்சி வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்.

"சீசன்னா அப்பிடித்தாம்லா இருக்கும். குடி இருக்கவளுக்கு இம்புட்டு ரோசமா. ஒரு சாக்க விரிச்சுப் படி."

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். என்ன முடிவு என்று அப்போது எனக்கே தெரியாது. ஆனால் முடிவு செய்துவிட்டேன்.

பிறகு கல்லூரி, சென்னையில் வேலை. அம்மாவை அந்த வீட்டிலிருந்து முதலில் தென்காசிக்குள் ஒரு சின்ன வாடகை வீட்டுக்கு மாற்றினேன். வங்கிக் கடன் கிடைக்கிற நிலை வந்ததும் லீவு போட்டு வந்து வீடு தேட ஆரம்பித்தேன். எனக்குத் தேடுவது என்றால் கொள்ளைப் பிரியம். போனில் வரைபடம், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எந்த நகருக்கு அங்கீகாரம் இருக்கிறது என்று எல்லாவற்றையும் துருவினேன். புரோக்கர் என்னைப் பார்த்தாலே களைத்துப்போய் அம்மாவிடம் முறையிடுவார்.

"ஏக்கா, ஒங்க மவ பொண்ணு பாக்க வந்த மாப்பிள வீட்டுக்காரங்கள விட மோசம்."

"நான்தான் மாப்பிள வீட்டுக்காரி. காட்டுங்க அடுத்தத."

அவர் எங்களைக் குத்துக்கல்வலசைப் பக்கம் கூட்டிப்போனார். புதுசு புதுசாய் நகர்கள், அகலமான தெரு, அனல் காற்று. "இங்க இருந்து குத்தாலம் எங்க, கோயில் எங்க, வெறும் பொட்டலா கிடக்கு" என்றாள் அம்மா. இலத்தூர் விலக்குப் பக்கம் ஒன்று காட்டினார்; பஸ்ஸுக்கு வெகுதூரம் நடக்கவேண்டும். கடைசியில் இலஞ்சி. வாய்க்கால், நெல் வயல், தெரு முனையிலேயே பஸ் நிறுத்தம், கட்டி முடித்த சின்ன வீடு. அம்மா அடுக்களை ஜன்னலைத் திறந்து வயலைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது போதும் பிள்ள."

எனக்குப் போதவில்லை. ஏன் என்று பஸ்ஸில் கேட்டாள். சொல்லிவிட்டேன்.

"அந்த ஆளு வீட்ல இருந்து பாத்தா நம்ம வீடு தெரியணும்மா. தெனமும் தெரியணும். எந்திரிச்சதும் தெரியணும்."

அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"நீ மெட்ராஸ்ல இருப்ப. காலைல கோலம் போடக் குனிஞ்சா அவுக மூஞ்சில முழிக்கப் போறது நாந்தாம்லா. வீடு யாருக்குட்டி வாங்குத, எனக்கா, அந்த அண்ணாச்சிக்கா?"

சரி, இலஞ்சியே இருக்கட்டும் என்றேன். ஆனால் முன்பணம் கொடுக்காமல் நாளைக் கடத்தினேன். மனசு மட்டும் அந்த வராந்தாவுக்குக் கீழேயே நின்றுகொண்டிருந்தது.

அந்த வாரம் புரோக்கர் கூப்பிட்டார். ஒரு காலி மனை விலைக்கு வந்திருக்கிறது, உடையவர் துபாயில் இருக்கிறார், அவசரம், இடத்தைப் பார்க்கும்போது விலை ரொம்பக் குறைவு. தெருப் பேரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அண்ணாச்சி வீட்டுக்கு மேற்கே இருக்கிற அதே மனை. வராந்தாவுக்கும் அருவிக்கும் நடுவில் இருக்கிற இடம்.

"ஏன் விலை கம்மி?"

"தெருக்குத்துல்லா. அதான் ஒருத்தனும் தொடமாட்டேங்கான்."

ஒரு தெரு நேராக வந்து ஒரு மனையில் முட்டினால் தெருக்குத்து. அதில் குடியிருந்தால் ஆகாது என்று எங்கள் ஊரில் படித்தவர்கள்கூட ஒதுங்குவார்கள். முட்டுகிற இடத்தில் ஒரு பிள்ளையாரை வைத்தால் குத்து தணியும் என்பார்கள். அம்மா வரவே மாட்டேன் என்றாள். சும்மா பார்த்துவிட்டு வருவோம் என்று கெஞ்சிக் கூட்டிப்போனேன்.

மனையின் மூலையில், செங்கல் அடுக்கிய மேடையில் ஒரு பிள்ளையார் இருந்தார். காய்ந்த செவ்வரளி மாலை, விபூதி, ஒரு சூடத் தட்டு. புரோக்கர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அம்மா கும்பிடவில்லை. குனிந்து பிள்ளையாரின் இடது காதைத் தொட்டாள். காது உடைந்திருந்தது. நிமிர்ந்து அண்ணாச்சியின் சுற்றுச்சுவரைப் பார்த்தாள். கேட்டுக்குப் பக்கத்தில், பழைய மஞ்சள் பெயின்ட்டுக்கு நடுவே, சதுரமாக ஒரு துண்டு மட்டும் புது மஞ்சளாக இருந்தது.

"இவரு இங்கன எப்ப வந்தாரு?" என்று புரோக்கரிடம் கேட்டாள்.

"அது இருக்கும்க்கா ரொம்ப நாளா. தெருக்குத்துக்குத்தான் வச்சிருக்கு."

"வச்சது யாரு?"

"பக்கத்து வீட்டு அண்ணாச்சிதான். நல்ல மனுசன். யாராவது வாங்கி நாசமாப் போயிரக்கூடாதுன்னு எடம் பாக்க வாரவங்ககிட்ட எல்லாம் அவரே வந்து சொல்லுதாரு. யாரும் எடுக்கலன்னா, கெடக்கட்டும், பாவத்துக்கு நானே எடுத்துக்கிடுதேன்னுகூடச் சொல்லியிருக்காரு."

நான் திரும்பித் தெருவைப் பார்த்தேன். எதிர்ச்சந்து நேராக வந்து முட்டுவது இந்த மனையில் இல்லை. அண்ணாச்சியின் கேட்டில். அத்தனை வருடம் அந்தச் சந்து வழியாகப் பள்ளிக்கூடம் போயும் நான் அதைக் கவனித்ததில்லை. புரோக்கரும் கவனிக்கவில்லை. பிள்ளையார் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் குத்து என்று எல்லாரும் நம்பிவிட்டார்கள். சந்தை யாரும் பார்க்கவில்லை.

அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது. அந்தப் பிள்ளையார் அண்ணாச்சியின் சுவர் மாடத்தில் இருந்தவர்; மாடத்தைப் பூசி மூடிவிட்டு அவரை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார். குடியிருந்த காலம் முழுக்க வெள்ளிக்கிழமை தோறும் அவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி அறுகம்புல் சாத்தியது அம்மாதான். ஒழிக்கச் சொன்ன வெள்ளிக்கிழமைகளிலும் அதைச் செய்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவி, அடுப்பில் பாலை வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"என்னைய வெரட்டுனாரு, சரி. சாமியையும்லா ஒழிக்கச் சொல்லியிருக்காரு."

"அம்மா?"

"அந்த மனைய வாங்கு."

"இலஞ்சி?"

"இலஞ்சி எங்கயும் போயிராது. இத வாங்குட்டி."

பால் பொங்கியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. நான் பல வருடம் வளர்த்த கோபம் அவளுடைய இந்த ஒரு மாலைக்கு ஈடாகாது என்று தோன்றியது.

பத்திரம் முடிகிறவரை யாரிடமும் மூச்சு விடவில்லை. அண்ணாச்சி பரப்பிய கதையால் விலை எங்கள் கடனுக்குள் வந்துவிட்டது. தெருக்குத்து என்று அவர் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த இடத்தை நாங்கள் எட்டிக்கூடப் பார்த்திருக்க முடியாது. பூமி பூஜை அன்று காலையில் அவர் பல் தேய்த்தபடி வெளியே வந்தார். எங்களைப் பார்த்ததும் பிரஷ் வாயிலேயே நின்றது.

"ஏ தங்கச்சி. நீங்களா? சொல்லப்படாதா ஒரு வார்த்த. இது தெருக்குத்துல்லா."

"ஆமா அண்ணாச்சி" என்றாள் அம்மா. "சந்து எங்கன வந்து முட்டுதுன்னு இன்னைக்குத்தான் நல்லாப் பாத்தேன்."

கொத்தனார், கையாட்கள், பூஜைக்கு வந்த எதிர்வீட்டு ஆச்சி எல்லாரும் ஒரே நேரத்தில் சந்தைப் பார்த்தார்கள். பிறகு அவர் கேட்டைப் பார்த்தார்கள். ஆச்சி வாயில் கையை வைத்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் நகர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ரெண்டு நாள் கழித்து அவரே வந்தார். இந்தத் தடவை வாசல் எங்களுடையது. குவித்துப் போட்ட மணலுக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"தங்கச்சி, வீட்ல அவளுக்கு மேலுக்கு முடியல. அந்தப் பிள்ளையார மட்டும் எங்க சுவத்துக்கே..."

"எங்க எடத்துக்கு வந்தவர நாங்க எப்பிடி அண்ணாச்சி அனுப்ப? மதினிய நல்ல டாக்டர்ட்ட காட்டுங்க. மருந்துச் சீட்டக் குடுத்துவிடுங்க, கடைல நான் எடுத்து வைக்கேன்."

அப்படியே செய்தாள். மருந்தை எடுத்து வைத்தாள். பிள்ளையாரைக் கொடுக்கவில்லை. கடைத்தெருவில் புதுப் பிள்ளையார் விற்கிறார்கள், அவர் வாங்கி வைத்துக்கொள்ளலாம். வாங்கினால் தெருக்குத்து தன் வீட்டுக்குத்தான் என்று ஊரறிய ஒப்புக்கொண்டதாகும். அவர் வாங்கவில்லை.

ஒரே ஒரு சிக்கல். எங்கள் கடன் தரைத்தளத்துக்குத்தான் போதும். ஒரு தளம் கட்டினால் அவர் வராந்தாவுக்குத் தெரிகிற அருவியை அது மறைக்காது. நாங்கள் கூரை போட்டதும் அவர் வராந்தாவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எங்கள் மொட்டைமாடிக்கு மேலாக அருவியைப் பார்த்து ஏப்பம் விட்டார். லீவில் வந்திருந்த என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். நான் சென்னைக்குத் திரும்பியும் கொத்தனாருக்குப் போன் போட்டு, சுவர் எழுப்பலாமா, தட்டி கட்டலாமா என்று பறந்தேன்.

அம்மா பறக்கவில்லை. ஒருநாள் காலையில் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினாள். அருவியைப் பார்த்தாள், வராந்தாவைப் பார்த்தாள்.

"தண்ணித் தொட்டி எங்கன வைக்கப் போறீங்க?"

"தென்மேற்கு மூலையிலக்கா. வாஸ்துப்படி அதான்."

"வாஸ்து கெடக்கு. படிக்கு மேல அறை ஒண்ணு எடுப்பீங்கல்லா, அத இந்தா இங்கன வரைக்கும் நீட்டுங்க. அதுக்கு மேல தொட்டி. பெரிய தொட்டி. கருப்பு."

கொத்தனார் தலையைச் சொறிந்தார். பிறகு அவரும் அருவியைப் பார்த்தார், வராந்தாவைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு நூல் பிடித்தார்.

குடியேறிய வருடம் சீசன் நன்றாக இருந்தது. லீவு போட்டு வந்திருந்தேன். மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனபோது அண்ணாச்சியின் வராந்தாவில் பேச்சுக் கேட்டது. மதுரைப் பக்கத்துக் குடும்பம், குரலிலேயே தெரிந்தது.

"அருவி தெரியும்னு போட்டிருந்தீகளே, எங்கண்ணே?"

"அந்தா, அந்தத் தொட்டிக்குப் பொறத்தால."

"தொட்டிதான தெரியுது."

"மொட்டமாடிக்கு ஏறுனா..."

"எங்கம்மாவுக்கு முழங்கால் வலி. ஏணில ஏறச் சொல்றீகளா?"

துணியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சிரித்தால் கேட்கும் என்று துண்டைக் கடித்தேன். அந்த நேரம் தொட்டி நிறைந்து வழிய ஆரம்பித்தது. கருப்பு வயிற்றில் தண்ணீர் பளபளவென்று இறங்கியது. வராந்தாவிலிருந்த ஒரு பெண் சொன்னாள்.

"அந்தா விழுதே. இந்த அருவிக்குத்தான் வாடகையா?"

அவர்கள் சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே எங்கள் அடுக்களைப் பக்கம் குனிந்து கூப்பிட்டார்.

"தங்கச்சி, தண்ணி வீணாப் போகுது. மோட்டார நிப்பாட்டுங்க."

நான் படியிறங்கி ஓடி சுவிட்சில் கை வைத்தேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"இருக்கட்டும்ட்டி. கொஞ்ச நேரம் விழட்டும்."